ஒரு வருட ஒப்பந்தம்

இத்தாலியில், கபோ சந்தையில் நான் பாண் வாங்கும் கடையில் ஒரு தமிழர் வேலை செய்தார். பெயர் கேட்டதில்லை. புருவமெல்லாம் மாவாக இருக்கும். கூடைப்பந்துப் பேச்சு வந்தால் பாண் வெட்டும் கை அப்படியே நின்றுவிடும்.

அன்றும் முதலாளியோடு வாக்குவாதம். ஒப்பந்தம் முடிந்த வீரன் ஒருவனுக்கு உள்ளூர் அணி இன்னும் ஒரு வருடம்தான் தருமாம். வயது போனவனுக்கு அதுவே அதிகம் என்றார் முதலாளி.

பாண் வெட்டுபவர் என்னிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ அக்கா. முழங்கால் நோவோடை இவையளுக்காக விளையாடினவன். ஒரு வருசம் எண்டா, பிறகு எங்கை போறது எண்ட யோசினையோடைதானே பந்தை எறிவான்?"

"ஓம்" என்றேன். என் பையிலும் கையெழுத்திட வேண்டிய ஒரு வருட ஒப்பந்தம் இருந்தது. நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் தாயை இரண்டு வருடமாகப் பராமரிக்கிறேன். தந்த தாளில் பேசாமல் கையெழுத்திட்டே பழகியவள், அன்று அவரிடம் முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம் கேட்டேன். மறுநாள் சிஞ்ஞோரா அப்படியே புதுத் தாள் தந்தார். இனி என் தங்கும் அனுமதியையும் வருடா வருடம் புதுப்பிக்கத் தேவையில்லை.

நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். அவர் முகம் வாடியிருந்தது.

"அவன் வேறை அணிக்குப் போட்டான் அக்கா. நான் கத்தினது வீண்."

"வீண் போகேல்லைத் தம்பி" என்று நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்ல அணி அக்கா. விட்டிட்டுப் போயிடாதேங்கோ."