கிழக்கு பார்த்த மூன்று ரிங்குகள்

என் சம்பந்தி மாயாண்டி ஈப்போ பக்கத்தில் குனோங் ராபாட்டில், தன் வரிசை வீட்டு முன்கூரைக்கு அடியில் முப்பது வருடமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே மேசை கிழக்கு பார்த்திருக்கும், நாற்காலி கிழக்கு பார்த்திருக்கும். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளைக் கிழக்கே திருப்பி வைத்துத்தான் உதைப்பார். ஸ்டார்ட் ஆனால் சூரிய பகவான் புண்ணியம். ஆகாவிட்டால் பிளக் மோசம்.

என் மகள் ஷாமினிக்கும் அவர் மகன் தனேஸ்வரனுக்கும் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. அவள் கொட்டாவி விடுவதைப் பார்க்கவே நான் தாப்பாவிலிருந்து தினம் பஸ் ஏறி மாயாண்டி வீட்டுக்கு வந்தேன். உலகத்தில் எந்தக் குழந்தையும் அப்படிக் கொட்டாவி விட்டதில்லை. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. தன்னுடையது என்று மாயாண்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பிள்ளைக்காகச் சாமி கும்பிடுவீர்கள்.

மாயாண்டி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தோட்டத்து லாரிக் கொட்டகையில் எண்ணெய் துடைக்கப் போய், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார். கை நல்ல கை, வாய்தான் கொஞ்சம் நீளம். தப்பு என்ற சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை சாக்கடையில் விழுந்துவிட்டு, அது நேற்று வேறு இடத்தில் இருந்தது என்றார்.

இந்த வருடம் பட்டறைக்கு ஆள் வரவில்லை. அவர் மனைவி காளியம்மா சூப்பர்மார்க்கெட் ஒன்றில் அவருக்கு ஜாகா வேலைக்குச் சொல்லிவைத்து, சட்டை அளவும் கொடுத்துவிட்டாள். வாசலில் காவல் நின்று வருகிற போகிற காருக்கெல்லாம் சலாம் போடும் வேலை. அந்தச் சட்டையை நினைத்தாலே மாயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கலாதேவி வந்தாள். இப்போது செம்பனை நிற்கும் பழைய ரப்பர் தோட்டத்து மேட்டில், சுற்றுலாக்காரர்கள் ஓட்டுவதற்கு நாலு சக்கர ஏடிவி வண்டிகள் எட்டு வைத்திருக்கிறாள். ஒன்று இழுக்கவில்லை.

"அண்ணே, இத சரி பண்ணி, சனிக்கெழம எங்க மேட்ட ஒரே மூச்சுல ஏத்திக் காட்டுங்க. ஏறிட்டா எட்டும் உங்ககிட்டதான். இல்லன்னா டவுன்ல இருக்கிற சீனத் தவுக்கே மொதலாளி பட்டறைக்கு எல்லாத்தையும் ஏத்திருவேன் லா. ஸ்கூல் லீவு வருது, வண்டி ஓடலன்னா எனக்குச் சூசா, ரொம்பக் கஷ்டம்."

மாயாண்டி இஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைச் சுற்றியிருந்த மூன்று ரிங்கும் தேய்ந்துபோயிருந்தன. புது ரிங் வந்தது. ரிங் என்றால் மெல்லிய இரும்பு வளையம், ஒரு இடத்தில் வெட்டு இருக்கும். அதைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் கோணாமல் தள்ளி, வெட்டுக்குள் மெல்லிய தகட்டைச் செருகி அளக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூட்டில் வளையம் விரிந்து, முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும். கூடினால் இழுவை போய்விடும். முதல் ரிங்கில் தகடு போகவில்லை. முனையை அரத்தில் மூன்று இழுப்பு இழுத்தார், அளந்தார். ஒரு இழுப்பு, அளந்தார். காலை முழுக்க இதுதான். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

கிடைத்தது பிற்பாடுதான். எந்த இஞ்சினையும் மூடுவதற்கு முன் அவர் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்குவார். இப்போது வீட்டில் பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள். தீட்டு.

"முப்பது கழியாம சூடத்தத் தொட்டீங்க, பாத்துக்குங்க!" உள்ளேயிருந்து காளியம்மா கத்தினாள்.

சனிக்கிழமை முப்பதுக்குக் காத்திருக்குமா? மாயாண்டி வெகுநேரம் யோசித்துவிட்டு, மூன்று ரிங்கின் வெட்டையும் ஒரே கோட்டில் கிழக்கே திருப்பி வைத்தார்.

பேத்தியை மடியில் வைத்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "சம்பந்தி, வெட்டு மூணையும் மூணு பக்கமா வைக்கணும்னுதானே சொல்லுவீங்க? ஒரே வரிசைல இருந்தா காத்து நேரா ஓடிரும்னு?"

"தெரியும் லா. ஓட ஓட ரிங்கு தானா சுத்திக்கும். ஆரம்பம் நல்லாருந்தா போதும். பூசதான் இல்ல, மூணும் சூரியனையாச்சும் பாக்கட்டும்."

"வண்டிய லாரில ஏத்திட்டா கெழக்கு எங்க போவும்?"

"ஒங்களுக்கு மெஷின் தெரியுமா சம்பந்தி?"

தெரியாது. பேத்தியின் அடுத்த கொட்டாவியைப் பார்க்கக் குனிந்தேன்.

சனிக்கிழமை லாரி முதல் முனையில் திரும்பியதுமே கிழக்கு வடக்காகிவிட்டது. சம்பந்தி அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். மேட்டில் கலாதேவியே வண்டியில் ஏறினாள். தட்டியதும் ஸ்டார்ட் ஆனது. மாயாண்டி என்னைப் பார்த்த பார்வையைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

பாதி மேட்டில் வண்டி முனகியது. பின்னால் நீலப் புகை கிளம்பி, செம்பனை மரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. அப்படியே நின்று, பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தது.

"அண்ணே, டெங்கிக் கொசுவுக்குப் பொக மருந்தடிக்கவா ஒங்களக் கூப்புட்டேன்?" கலாதேவி இருமிக்கொண்டே இறங்கினாள்.

பெட்ரோல் சரியில்லை என்றார் மாயாண்டி. செம்மண் வழுக்குது என்றார். அடுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். நல்லவேளை, எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போனை எடுத்தாள். "பரவால்லண்ணே. தவுக்கே ஆளு வந்து இங்கயே பிரிச்சுப் பாத்துருவான்."

மாயாண்டிக்கு முகம் செத்துவிட்டது. அந்த ஆள் சிலிண்டரைத் தூக்குவான். வெட்டு மூன்றும் வரிசையாக நிற்பதைப் பார்ப்பான். சாயங்காலத்துக்குள் ஈப்போவில் ஸ்பானர் பிடிக்கிறவன் அத்தனை பேருக்கும் அந்தப் படம் போனில் போய்ச் சேரும்.

"வேணாம் தங்கச்சி. கோளாறு எனக்குத் தெரியும். ரிங்கத் தப்பா வச்சிட்டேன். நாந்தான்."

சூடம், தீட்டு, கிழக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்காமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"வெளிய சொல்லாதீங்கண்ணே. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாங்க."

"போறேன். மொதல்ல பிரிச்சுக்கவா?"

செம்பனை நிழலில் தார்ப்பாயை விரித்து மறுபடி பிரித்தார். மூடும்போது இடையில் வைக்கப் புது பேக்கிங் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். கிழக்கை அவ்வளவு நம்பினவர் அதை ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டேன். காது கேட்கவில்லை போல. வெட்டுகளை மூன்று பக்கம் பிரித்து வைத்து மூடினார். நாலு மணிக்கு வண்டி மேட்டை ஏறியது. தொடக்கத்தில் கொஞ்சம் புகை, அப்புறம் அதுவும் இல்லை.

"நாலு வண்டி ஒங்களுக்கு, நாலு தவுக்கேக்கு," என்றாள் கலாதேவி.

"எட்டுன்னியே தங்கச்சி?"

"ஒரே மூச்சுல ஏறுனா எட்டுண்ணே. இது ரெண்டு மூச்சு."

திரும்பும் வழியில், லாரியிலிருந்து காளியம்மாவுக்குப் போன் போட்டார். "அந்தச் சட்ட வேணாம்னு சொல்லிரு. வேல கெடச்சிருச்சு."

"எட்டுமா?" அவள் குரல் எனக்கே கேட்டது.

மாயாண்டி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், காது மட்டும் அவரிடம் இருந்தது.

"நாலு," என்றார். ஒரே நாளில் இரண்டு உண்மையை அவர் உடம்பு தாங்கவில்லை. உடனே சேர்த்துக்கொண்டார். "இப்பத்திக்கு."