களத்தில் சொன்ன கணக்கு

வட்டக்கச்சியில் இராசமலரை வாய் திறக்காத மனுசி என்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சந்தோசமோ துக்கமோ, எதைக் கேட்டாலும் “பாப்பம்” என்பதோடு சரி. பிறவிக் குணம் என்று ஊர் நினைக்கிறது. ஊருக்கென்ன, நினைக்கக் காசா பணமா? பத்து வயதில் அவள் வாயாடி. அந்த வாயை அடைத்தவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் பரமலிங்கம் வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். காட்டுக்குள் தள்ளிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சலைப் பிள்ளைகளின் தலையில்தான் தீர்ப்பார். ஐம்பத்தாறாம் ஆண்டு தை மாதம், பள்ளி தொடங்கிய முதல்நாள், ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி இந்த வருஷத்து நோக்கம் என்ன என்று கேட்டார்.

“இந்த வருஷம் நல்லாய்ப் படிச்சு, யாழ்ப்பாணத்தில மாமி வீட்டில நிண்டு மேல படிக்கப் போறன். பிறகு ரீச்சராய் வருவன்” என்றாள் இராசமலர். அந்தப் பள்ளியில் ஐந்தோடு படிப்பு முடிந்துவிடும். வெள்ளாமை வாய்த்தால் அனுப்புவதாக அப்பா ஐயாத்துரை சொல்லியிருந்தார்.

வாத்தியார் சிரித்தார். “கொப்பருக்கு இருக்கிறது ஒரு துண்டு வயல். நீ ரீச்சரோ? நடக்கிற கதையைச் சொல்லடி.”

“ஐஞ்சாம் வகுப்புப் பாஸ் பண்ணுவன்.”

“இன்னும் குறை.”

அவள் குறைத்தாள். அவர் விடவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்து ஓயும்வரை நிற்கவைத்து, கடைசியில், “விரல்விட்டு எண்ணாமல் கணக்குச் செய்வன்” என்ற இடத்தில்தான் இருக்கவிட்டார். “முதல் கையில என்ன இருக்கெண்டு பார். பிறகு வாயைத் திற. விளங்குதோ?”

விளங்கியது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதுவும் விளங்கிவிடும், அதுதான் வில்லங்கம். அன்றிலிருந்து இராசமலர் எதையும் கணக்குப் பார்த்த பிறகே ஆசைப்பட்டாள்.

மாசியில் சூடு மிதித்தார்கள். வெட்டிக் குவித்த கதிரை எருமைகளை விட்டு மிதிப்பிக்கும் அந்தக் களத்துக்கென்று வன்னியில் ஒரு பேச்சு உண்டு. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். ‘இல்லை’, போதாது என்பதற்கான ‘காணாது’, ‘முடிஞ்சுது’ என்ற சொற்கள் வாயிலேயே வரக்கூடாது. வந்தால் பூதம் பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். ஐயாத்துரை யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்திலிருந்து குடியேறியவர். இந்த வழக்கத்தைப் பக்கத்து ஊர்க் கிழவர் ஏரம்புவிடம்தான் கற்றார். வந்த புதிதில் இரண்டு போகம் அழிந்து போனதால், கற்றுக்கொடுத்த ஏரம்புவையும்விடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்.

இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்து களத்து ஓரத்தில் நின்றாள். பெண்பிள்ளைகள் அதற்கு உள்ளே போவதில்லை, அதனால் களத்துப் பேச்சை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை. ஐயாத்துரைக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

“பிள்ளை, பொலியைப் பாத்தியே? யாழ்ப்பாணம் போக ஆயத்தப்படு!”

அவள் குவியலைப் பார்த்தாள். விதைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டினாள். விரலை மடக்கவேயில்லை. பெரிய மனுசிபோலப் பேசினால் அப்பா மெச்சுவார் என்று நம்பினாள், பாவம்.

“இந்த நெல்லுக் காணாது அப்பா. எங்களுக்குச் சாப்பிடத்தான் சரி. நான் யாழ்ப்பாணம் போறதை அடுத்த வருஷம் பாப்பம்.”

ஏரம்பு எருமைகளை நிறுத்திவிட்டார். ஐயாத்துரை முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த கணம் எருமை சாய்க்கிற கம்போடு வந்தார். எதற்கு அடிக்கிறார் என்று தெரியாமலே அவள் அடிவாங்கினாள். தேத்தண்ணி மண்ணோடு போயிற்று.

அதோடு விட்டிருந்தால் காயம் ஆறியிருக்கும். அடுத்தநாளே மழை கொட்டியது. மாசியில் யாரும் எதிர்பாராத மழை. பொலி நனைந்து முளைவிட்டது. வானத்தை யாராவது அடிக்க முடியுமா? வீட்டில் அடிக்க ஒரு பிள்ளை இருந்தது.

“அவள் கணக்குத்தானே சொன்னவள்” என்றாள் தாய் அன்னபாக்கியம்.

“கணக்குப் படிச்சது காணும்” என்றார் ஐயாத்துரை. இராசமலர் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. அவளைக் கண்டால் களத்துக்காரர் வேறு பாதையால் போனார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஊர் காட்டிய மரியாதை அது.

அடுத்த தை பிறந்தது. பொங்கலுக்கு வாத்தியாருக்குப் பூசணிக்காய் ஒன்று கொடுத்துவிட்டார் ஐயாத்துரை. இராசமலர் அதைச் சுமந்துகொண்டு போனபோது, வாத்தியார் புது ஐந்தாம் வகுப்பிடம் நோக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவருக்கு வாய்ப்பாய்ப் போயிற்று.

“இவளைப் பாருங்கோ பிள்ளையள். போன வருஷம் ரீச்சராய் வாறன் எண்டு நிண்டவள். அகலக்கால் வைச்சால் இதுதான் கதி.”

அகலக்கால் வைக்கவில்லை, நீங்கள் சொன்னபடி குறைத்துத்தான் சொன்னேன், அதனால்தான் இந்தக் கதி என்று சொல்ல நினைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இப்ப என்னடி உன்ர நோக்கம்? சொல்லன்.”

இராசமலர் முதலில் தன் கையில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தாள்.

“இதை வைச்சிட்டுப் போறன், வாத்தியார்.”

“கேட்டியளே?” என்று வகுப்பைப் பார்த்தார் பரமலிங்கம் வாத்தியார். “இப்பதான் நடக்கிற கதை கதைக்கிறாள்.”