இடதுகை மாத்திரை

கோதண்டபாணியிடம் மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். எங்கள் கல்லூரியில் அவர் கெமிஸ்ட்ரி, நான் தமிழ். தப்பான விளக்கம் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பால் ஏன் திரிகிறது என்று யாரோ தப்பாகச் சொன்னதற்காகக் கல்யாணப் பந்தியில் பாதி இலையில் எழுந்து போய்த் திருத்திவிட்டு வந்த மனுஷன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவருடைய மாமியார் அங்கம்மாளுக்குக் கைநடுக்கம் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் பூக்கட்டிப் பிழைத்தவர். ஊர்க்கதை பேசிக்கொண்டே முழம் முழமாகத் தொடுத்த விரல்களில் இப்போது நார் நிற்கவில்லை. பூக்கட்டாத கைக்குச் சோறு எதற்கு என்று சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். மெட்ராஸ் டாக்டர் எல்-டோபா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி வந்த கோதண்டபாணி பேசாமல் கொடுத்திருக்கலாம்.

விளக்கினார். நம் இரண்டு கைகளைப் போல இந்த மருந்திலும் இடது, வலது என்று இரண்டு உண்டாம். சாதாரணமாகச் செய்தால் பாதிக்குப் பாதி கலந்து வரும். நோய்க்குக் கேட்பது இடது மட்டும்தான், வலதால் கெடுதல். இப்போது வெளிநாட்டில் ரோடியம் என்ற விலை கூடிய உலோகத்தைத் துளி சேர்க்கிறார்கள். அது மூலப்பொருளை ஒரே பக்கமாகப் பிடித்துக் கொடுக்கும். ஹைட்ரஜன் அந்தப் பக்கம்தான் போய் ஒட்டும். அதனால் அநேகமாக எல்லாம் இடதாகவே வந்துவிடும்.

பொறுமையாகக் கேட்ட அங்கம்மாள் மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டார். சாமிக்குப் பூ கட்டுகிற கை, இடதுகைச் சமாச்சாரமெல்லாம் ஆகாதாம். அவ்வளவு விலையில் உலோகம் போட்டவன் வலதாகவே செய்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

மனைவி காந்தா முறைத்த முறைப்பில், கோதண்டபாணி எங்கிருந்தோ வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் இரவல் வாங்கிப் போய்க் காட்டினார். வலம்புரிதான் உசத்தி என்று மாமியார் முடித்துவிட்டார். ஐந்தாம் நாள் அவரால் தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கோதண்டபாணி என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

அதற்குள் அங்கம்மாளே யோசித்து வைத்திருந்தார். "சாமிய எதிர்லதானே நின்னுக்கினு கும்புடுறோம். சாமியோட இடது கை நம்ம வலது பக்கம் இருக்குது. மாத்திரையும் எதிர்லேர்ந்துதானே வாய்க்கு வருது. அப்போ அதோட இடது எனக்கு வலது. சரிதானே மாப்ளே?"

தமிழ் வாத்தியாரான எனக்கே தப்பு என்று தெரிந்தது. இடது கை எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது கைதான். இப்படி எழுதிய பையன்களுக்குக் கோதண்டபாணி முட்டை போட்டிருக்கிறார். அவர் வாயைத் திறந்தார். காந்தா சொம்போடு நின்றாள்.

"சரிதான் அத்தை" என்றார்.

அங்கம்மாள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் கோதண்டபாணி சைக்கிளைத் தள்ளியபடி என்னிடம் சரியான விளக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது. அவர் வீடு வரும்வரை நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.