ஐந்து ஊரிலும் ஒரே மனைவி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற விஷ்ணுப்ரியா மிஸ்ஸோடு பத்து நிமிஷம் பேசினால் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலிக்கும் தலைவலி வந்துவிடும். கணக்கு டீச்சர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை. அதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து வெளியே வந்தவர். இரண்டிலும் ஒரே காரணம்தான். பரீட்சையில் காப்பி அடித்த பையன்களைப் பிடித்தார். பிடிபட்டவன் தாளாளருக்கு வேண்டப்பட்டவனாக இருந்தான். பேசாமல் மார்க்கைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? மாட்டார். முடிச்சூர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பிடிவாதக்காரி கிடைக்கமாட்டார்.

காப்பியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுத் தொலைத்தேன். துவைத்த துணியை ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நிற்கவேண்டியதாயிற்று.

"சரியான விடை எத்தனை பேருக்கு வேணும்னாலும் ஒரே மாதிரி வரும் கிறிஸ்டினா. தப்பு அப்படி வராது. ஒருத்தன் எட்டேழு ஐம்பத்திநாலுன்னு போட்டா அது அவனோட சொந்தத் தப்பு. பின் பெஞ்ச் பையனும் அதே கணக்குல அதே வரியில ஐம்பத்திநாலு போட்டிருந்தா எப்படி? நான் விடைய பார்க்கறதே இல்ல. தப்பைத்தான் பார்ப்பேன்."

"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெங்களூரில் இருக்கிற இவருடைய தம்பி அனிருத், பிட்காயின் வாங்கு அக்கா என்று நச்சரித்திருக்கிறான். வாங்குமுன் படித்துத் தெரிந்துகொள்வோம் என்று, அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிப் பேசிக்கொள்கிற ஒரு இணைய ஃபோரத்துக்குள் மிஸ் போனார். காயின் ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் அங்கேயே குடியேறிவிட்டார். அந்த ஃபோரத்தில் சில கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தைப் பதிவுக்குக் கீழே போட்டுக்கொள்கிறவர்களுக்கு வாராவாரம் காசு கொடுக்குமாம். அதனால் எழுதத் தெரியாதவர்கள்கூட எழுதித் தள்ளுவார்கள். எப்படி? இன்னொருத்தர் எப்போதோ எழுதியதை எடுத்து, நாலு வார்த்தையை மாற்றி, ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்து, சேலத்தை மதுரையாக்கித் தன் பெயரில் போட்டுவிடுவார்கள். மிஸ்ஸுக்கு அதைப் பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. பைசா வருமானம் கிடையாது. ஃபோரம் நிர்வாகிகள் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள்; வார்த்தை அப்படியே இருந்தால்தான் அது காப்பி என்று சொல்லும். மாற்றி எழுதியிருந்தால் "ஒற்றுமை இல்லை" என்று பதில் வரும். உடனே மிஸ் மாடியில் தாம் தூம் என்று நடக்க ஆரம்பிப்பார். கீழே எங்கள் தலைக்கு மேல்தான் நடப்பார்.

"எவர்சில்வர் பாத்திரத்துல வெட்டியிருக்கற பேரைச் சுரண்டிட்டா பாத்திரம் வேற ஆயிடுமா கிறிஸ்டினா? கேட்டா வார்த்தை வேறங்கறான்!"

வேலையத்த வேலை என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

இனி என் வீட்டுக்காரர் கதை. பென்னி சரக்கு வண்டி ஓட்டுகிறார். குட்டி யானை என்பார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை முடிச்சூரிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் பெரும்பாக்கத்திலிருந்து மறைமலைநகருக்கும் ஏற்றி இறக்கித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. நான் சானடோரியத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். போன வருஷம் இந்த மனுஷன் ஏதோ காயின் ஆப்பில் பணம் போட்டார். முதலில் லாபம் காட்டினான். கொஞ்சம் எடுக்கவும் விட்டான். அதில் எனக்கு ஒரு மிக்ஸி வாங்கிவந்து, ராஜா மாதிரி நின்றார். அப்புறம் கடன் வாங்கிக் கொட்டினார். ஒருநாள் ஆப்பே காணாமல் போய்விட்டது. நான் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அப்புறம் மூன்று மாசம் பேசவில்லை. தட்டை வைப்பேன், போய்விடுவேன். என் இடத்தில் இருந்தால் யார்தான் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள்?

எல்லாம் ஆறி வந்த நேரத்தில், போன ஆடி மாசம், வேலை முடிந்து வந்தவர் முகமெல்லாம் சிரிப்பாக போனை நீட்டினார்.

"கிறிஸ்டி, போன துட்டு திரும்பி வருது! ரெகவரி பண்ணித் தர்ற ஆளு ஒருத்தர் கீறாரு. முன்பணம் மட்டும் குட்த்தா போதும். அஞ்சு பேருக்கு வாங்கித் தந்துகிறாரு, ஃபோரத்துல அவங்களே எழுதிகிறாங்க பாரு."

"முன்பணத்துக்கு எங்கய்யா போவே?"

"சனிக்கிழம பெருங்களத்தூர் ஃபைனான்ஸ்ல ஆர்.சி. புக்க வெச்சி வாங்கிக்கலாம்னு பேசிட்டேன்."

ஆர்.சி. புக் என்றால் வண்டி. வண்டி போனால் நாங்கள் நடுத்தெரு. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"உனுக்குப் புரியாது கிறிஸ்டி. இவங்க எழுதினத படிச்சா எனக்கு நடந்தது அப்படியே கீது. தொககூட அதேதான். இது பொய்யா இருந்தா என் மனசுல இருக்கறது இவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

வியாழக்கிழமை சாயந்தரம் வேறு வழியில்லாமல் படியேறிப் போய் மிஸ் கதவைத் தட்டினேன். அவர் தண்ணி கேன்காரரிடம் போனில் கணக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் ஆறுதலாக ஒரு வார்த்தை வரவேண்டுமே! "லிங்க் அனுப்பு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மிஸ் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் என்னை மேலே கூப்பிட்டார். தான் குடியேறிய அதே ஃபோரத்தில் வந்திருந்த அந்த ஐந்து பதிவுகளையும் முந்தின ராத்திரியே பிரிண்ட் எடுத்து, கட்டிலில் வரிசையாகப் பரப்பி, சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். கரூரில் ஜவுளிக்காரர், நாகர்கோவிலில் வாத்தியார், ஓசூரில் கம்பெனி ஊழியர், பாண்டிச்சேரியில் ஓட்டல் வைத்திருப்பவர், சேலத்தில் ஒரு மெக்கானிக்.

"படி" என்றார்.

படித்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்து பேரும் முதல் லாபத்தில் வீட்டுக்கு ஒரு சாமான் வாங்குகிறார்கள்: ஒருத்தர் குக்கர், ஒருத்தர் ஃபேன், ஒருத்தர் கிரைண்டர். ஐந்து பேரும் பணம் போனதும் ஒரு பாலத்தில் போய் நிற்கிறார்கள். ஐந்து பேரும் வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பணம் போனால் போகட்டும், நீங்கள் இருந்தால் போதும்" என்கிறாள். அதற்கப்புறம் அந்த ரெகவரி ஆள் தெய்வம் மாதிரி வருகிறார்.

"எந்த ஊர்ல மிஸ் இப்படி பொண்டாட்டிங்க இருக்காங்க? அஞ்சு பேரும் ஒரே டயலாக்! பாலம் வேற. சினிமா பார்த்து எழுதியிருப்பானுங்க."

"அதை விடு. இந்த வரியப் பாரு. எழுபதாயிரம் வீதம் மூணு தவணை, மொத்தம் ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம். அஞ்சுலயும் இதேதான். மூவேழு எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"அப்போ ரெண்டு லட்சத்து பத்தாயிரம்தானே வரணும்? அஞ்சு ஊர்ல அஞ்சு பேர் அதே கூட்டலை அதே மாதிரி தப்பாப் போடுவாங்களா? ஊரை மாத்தினான், வேலைய மாத்தினான், குக்கரை ஃபேனாக்கினான். கணக்கை மட்டும் சரிபார்க்கலை. ஒரே ஆள்தான் அஞ்சையும் எழுதியிருக்கான்." பேனாவை மூடினார். "நிர்வாகிகளுக்கு எழுதினேன். ஒற்றுமை இல்லையாம். இவனுங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது, சொல்லு!"

எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ரெண்டு நாற்பது. எங்கள் வீட்டில் அந்தத் தொகையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். "எங்க வீட்டுக்காரரும் ரெண்டு நாற்பதுன்னுதான் சொல்லுவாரு மிஸ். போட்டது ரெண்டு பத்துதான். கடனுக்குக் கட்டின வட்டி முப்பதாயிரம். அதையும் சேர்த்துத்தான் சொல்லுவாரு."

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே லாப்டாப்பைத் திறந்து, அந்த ஃபோரத்தின் தமிழ்ப் பகுதியில் போன வருஷப் பதிவுகளைத் தேட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தேன். நான் சொல்லச் சொல்ல வட்டி, எழுபது, மிக்ஸி என்று ஏதேதோ போட்டுத் தேடினார். கடைசியில் ஒன்று வந்தது. எழுதியவர் பெயர் 'முடிச்சூர் குட்டியானை'. பென்னி பேசுகிற மாதிரியே இருந்தது.

"மொதல் லாபத்துல வூட்டுக்கு மிக்ஸி வாங்கினேன். எழுவதாயிரம் மூணு தபா போட்டேன். வட்டியோட சேத்தா ரெண்டு நாப்பது பூட்ச்சி. வண்டிய வரதராஜபுரம் பாலத்தாண்ட நிறுத்திக்கினு ரொம்ப நேரம் நின்னேன். வூட்டுக்கு வந்தேன். என் வொய்ஃபு, துட்டு பூனா பூவுது, நீ கீறியே அது போதும்னா. அதான் உயிரோட கீறேன். யாரும் என்ன மாதிரி ஏமாறாதீங்க."

அதற்குக் கீழே ரெகவரி ஆளும் இல்லை, திரும்பி வந்த பணமும் இல்லை.

"இதுல மட்டும்தான் கணக்கு சரியா வருது" என்றார் மிஸ். "இதுதான் ஒரிஜினல். மாத்தி எழுதினவன் வட்டிய விட்டுட்டான்." அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை. நான் அழுதுகொண்டிருப்பதை அவர் கவனிக்க ரொம்ப நேரம் ஆனது. கவனித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

பென்னி வந்ததும் மிஸ் என்னோடு கீழே இறங்கிவந்து, ஒரிஜினலையும் பிரிண்ட் எடுத்துச் சேர்த்து ஆறு தாள்களையும் மேசையில் வைத்து, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி வரிவரியாகக் காட்டினார். முதல் பத்து நிமிஷம் இவர் முரண்டு பிடித்தார். வார்த்தை வேற மிஸ், ஊரு வேற மிஸ் என்றார். அப்புறம் தாள் தாளாகத் தானே எடுத்துப் படித்தார். சட்டைப் பைக்குள் ஆர்.சி. புக் இருந்தது, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ எழுதினதை நீயே படிச்சிட்டு அடுத்தவன் கதைன்னு நம்பியிருக்கியேய்யா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அந்தப் பொண்டாட்டி டயலாக்கப் பார்த்தாவது சந்தேகம் வரவேணாம்? நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நான்தான் ஜோடிச்சேன்." தலையை நிமிர்த்தாமல் பேசினார். "நீதான் அப்போ பேசவே மாட்டியே. நீ இப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருக்கும்னு எழுதிட்டேன். அப்பால இவங்க அஞ்சு பேரும் எழுதினத பார்த்தேனா... சரி, நம்ம வூட்லதான் இல்ல, மத்தவங்க வூட்ல நெஜமாவே சொல்றாங்க போலன்னு நெனச்சிக்கினேன்."

இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? இவர் விட்ட கதையை இவரிடமே விற்றிருக்கிறான் ஒருத்தன், அதற்கு வண்டியை அடகு வைக்கக் கிளம்பியிருக்கிறார்!

அந்த நேரம் பார்த்து இவர் போன் அடித்தது. ரெகவரி ஆள். நாளைக்குப் பணம் ரெடியா என்று கேட்க. நான் பிடுங்கினேன்.

"சார், உங்க அஞ்சு கஸ்டமருங்க எழுதியிருக்காங்களே, பணம் போனா போகட்டும்னு சொன்ன பொண்டாட்டின்னு? அது நான்தான் பேசறேன். கரூர், ஓசூர், நாகர்கோவில் எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். நான் அப்படிச் சொல்லவே இல்ல, தெரியுமா? செருப்பு பிஞ்சிடும்னுதான் சொன்னேன். உனக்கும் அதையேதான்டா சொல்றேன்!"

"யார் மேடம் நீங்க..." என்று இழுத்தான். நான் அதற்கப்புறம் பேசியதை எழுத முடியாது. அவன் வைத்துவிட்டான். மிஸ் அந்த ஐந்து பதிவுகளையும் கணக்கோடு விளக்கி மறுபடி நிர்வாகிகளுக்கு எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனார். எழுதட்டும். இந்தத் தடவை நானும் கூட உட்கார்ந்து எழுதத் தயார்.

பென்னி ஆர்.சி. புக்கை எடுத்து என்னிடம் கொடுத்தார். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திட்டுவதற்கு இன்னும் நிறைய பாக்கி இருந்தது. வாயைத் திறந்தேன், வேறு ஏதோ வந்தது.

"யோவ், நான் சொன்னது ஜோடிச்சது. சரி. அந்தப் பாலம்?"

மேலே மிஸ் தாம் தூம் என்று நடக்கிற சத்தம் கேட்டது.

"அதுவும் ஜோடிச்சதுதானே?"

"இல்ல கிறிஸ்டி" என்றார். "அது நெஜம்."

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.