நட்டுவின் வெள்ளைக் கண்ணும் பீன்யாவுக்கு மூன்று பயணங்களும்

பெங்களூரில் ஆஸ்டின் டவுனிலிருந்து பீன்யாவுக்குப் போனதெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊருக்குள் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால் என் கணக்கில் அது பயணம்தான். 2006 ஆகஸ்டில் மூன்று சனிக்கிழமை இந்தப் பாதையில் போய்வந்தேன், ஒரு நாயைப் படம் எடுப்பதற்காக. முதல் தடவை எடுத்த படத்தை இதே வலைப்பதிவில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் நட்டு, போல்ட்டு செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கடி போவேன். அதன் கேட்டில் காவலுக்கு இருந்தவர் முனுசாமி அண்ணன், திருப்பத்தூர்க்காரர். அவருடனேயே ஐந்து வருடமாக ஒரு செவலை நாய். தொழிற்சாலைக்குத் தகுந்த மாதிரி அதற்குப் பெயர் நட்டு. அந்த மாதக் கடைசியில் தொழிற்சாலை ஓசூர்ப் பக்கம் மாறுவதாக இருந்தது. அண்ணனுக்கு வேறு கேட்டில் வேலை கிடைத்துவிட்டது, அங்கே நாய் கூடாது. அவர் தங்குவதோ ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறை.

"கேட்டப் பூட்டிக்கினு போய்ட்டாலும் அது இங்கியேதான் சார் குந்திக்கினு இருக்கும். சோறு யாரு போடுவா? லாரி ஓடற ரோடு வேற. உங்க கம்ப்யூட்டர்ல போட்டோ போட்டா யாராச்சும் வந்து கூட்டிக்கினு போவாங்களா?"

போடலாம் என்று சொல்லிவிட்டேன். முதல் சனிக்கிழமை காலை 9.10க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். மெஜஸ்டிக் வரை ஒரு பஸ், அங்கிருந்து தும்கூர் ரோடு போகும் பஸ். யஷ்வந்த்பூரில் அரை மணி நேரம் நகரவே இல்லை. ஜாலஹள்ளி கிராஸில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து கேட்டை அடைந்தபோது 10.55. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்துப் பதினைந்து ரூபாய்க்குள்தான் ஆயிற்று.

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுகிற ஜாதி நான். நட்டுவுக்கு எப்போதோ யாரோ எறிந்த கல் பட்டு இடது கண் வெள்ளையாகிப் பார்வை போயிருந்தது. அது தெரிந்தால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நானாக முடிவுகட்டி, வலது பக்கமாகவே நின்று ஐந்து படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன். சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

பதிவில் படத்தைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையே ஜெயநகரிலிருந்து ஒரு தம்பதி கேட்டுக்கு வந்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அண்ணன் ஒரு ரூபாய்க் காசு போடும் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"படத்துல காட்டாம ஏமாத்திட்டீங்கன்னு அந்தம்மா என்னைக் கேக்கறாங்க சார். நான் இன்னா சார் ஏமாத்தனேன்?"

என் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர் பேச்சு வாங்கியிருந்தார்.

திங்கட்கிழமை ஆபீசில் பக்கத்து சீட் சுதாவிடம் படங்களைக் கொடுத்தேன். சுதா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், 'சும்மா' என்பதைக்கூடக் கன்னடத்தில் 'சும்னே' என்பார். ஞாயிறுதோறும் ஹெப்பால் ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பவர். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஐந்தையும் வரிசையாகத் திறந்துவைத்தார்.

"கலர் நல்லா வந்திருக்கு. நீலக் கேட்டு, செவலை நாய். அந்த எடத்தை விடாதீங்க. ஆனா அஞ்சும் ஒரே பக்கம். அந்தப் பக்கம் என்னத்தை மறைக்கறீங்க?"

சொன்னேன்.

"சரி, இதப் பாருங்க. எல்லாமே நின்னுக்கிட்டு எடுத்தது. உங்க நிழல் அது மேல விழுது, காதை மடக்கிக்கிட்டு நிக்குது பாவம். பயந்த நாயை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க? அப்புறம் டைம். மொதல் படம் 10.58, கடைசிப் படம் 11.02. நாலு நிமிஷம். சும்னே போய்ட்டு வந்திருக்கீங்க. நீங்க நாயைப் பாக்கவே இல்ல."

பஸ் நேரத்தையெல்லாம் நிமிடக் கணக்கில் உங்களுக்கு எழுதுகிறவன் நான். என் கேமராவே என்னைப் பற்றி நிமிடக் கணக்கில் எழுதிவைத்திருக்கும் என்று தோன்றவில்லை. மூஞ்சி சுருங்கிப்போய் அன்று முழுக்க சுதாவிடம் பேசவில்லை. மறுநாள் காலை நானே போய், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன். தரையில் உட்காருங்கள், படுத்தாலும் தப்பில்லை, வெயில் ஏறுவதற்குள் போங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கிளம்பாதீர்கள் என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை 6.00 மணிக்கே கிளம்பினேன். அந்த நேரத்துக்கு ரோடு காலி, 7.15க்குக் கேட்டில் இருந்தேன். தரையில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்தேன், நட்டுவும் எழுந்து போய்விட்டது. மறுபடி உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன், போன் பார்த்தேன், பையைத் திறந்து மூடினேன்.

"கட்டெறும்பு கடிச்சாப்ல ஏன் சார் நெளியறீங்க? நீங்க குந்துனா அதுவும் குந்தும்" என்றார் அண்ணன்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். நட்டு போய்க் கேட்டருகே நின்றது. வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் வருகிறவர்களைச் சும்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு விட்டது. இடது பக்கம் யார் வந்தாலும் முழு முகத்தையும் திருப்பி, காதைத் தூக்கி, 'யாரு, நீயா?' என்று கேட்கிற மாதிரி நேராகப் பார்த்தது. அந்தப் பக்கம் கண் தெரியாததால் அதற்கு அப்படித்தான் பார்க்க முடியும். நான் மறைத்த பக்கத்தில்தான் அதன் முகமே இருந்தது.

இடது பக்கம் போய் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு மெதுவாக "நட்டு" என்றேன். திரும்பியது. பின்னால் நீலக் கேட்டு, ஒரு கண் பழுப்பு, ஒரு கண் வெள்ளை, இரண்டு காதும் நிமிர்ந்து. நேரம் 8.21.

அந்தப் படத்தையே போட்டு, இடது கண் தெரியாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஏழு பேர் 'பாவம்' என்று எழுதினார்கள். பாவம் பார்த்தால் நாய்க்கு வீடு கிடைத்துவிடுமா? அடுத்த பத்து நாளும் ஆபீசில் வேலையை விட்டுவிட்டுப் பதிவையே திறந்து திறந்து பார்த்தேன். தொழிற்சாலை காலிசெய்ய இரண்டே நாள் இருக்கும்போது அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சேகர் என்பவர் போனில் கூப்பிட்டார். அவர் மகள் பிரவுசிங் சென்டரில் படத்தைப் பார்த்துக் கலரில் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தாளாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

கடைசி சனிக்கிழமை. மெஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு மணிக்குக் கேட்டைப் பூட்டவேண்டும். பதினொன்றரை ஆகியும் சேகர் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. முச்சந்திக்கும் கேட்டுக்கும் நான்கு முறை நடந்தேன். இதுவும் இன்னொரு ஜெயநகர்தானோ? அண்ணன் ஒரு கயிற்றை நட்டுவின் கழுத்தில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

12.10க்கு ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. சேகர் இறங்கியதும் அண்ணன் ஓடிப்போய், "கண்ணு ஒண்ணு இல்லீங்க, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார்.

"அதான் படத்துலயே தெரியுதேண்ணா."

சேகர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். நட்டுவின் இடது பக்கம் குந்தினார். நட்டு முழு முகத்தையும் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் தாளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"போட்டோல இருக்கறாப்லயே இருக்கான்பா" என்றார்.

இதுவரை என் படங்களுக்கு வந்த எந்தப் பாராட்டும் எனக்கு இவ்வளவு நிம்மதி கொடுத்ததில்லை. நட்டு ஆட்டோவில் ஏற மறுத்தது. அண்ணன்தான் தூக்கி ஏற்றினார்.

இப்படிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: ஏழரைக்குள் போய்ச் சேருங்கள், அழுக்கானால் கவலைப்படாத பேண்ட் போடுங்கள், திரும்பும் பஸ் எப்போது என்று முன்கூட்டிப் பார்க்காதீர்கள். ஜாலஹள்ளி கிராஸ் தாண்டினால் நல்ல டிபன் கிடையாது, மெஜஸ்டிக்கிலேயே சாப்பிட்டுவிடுங்கள். படத்தைப் புகழ்கிறவர்களிடம் காட்டுவதற்கு முன்னால் சுதா மாதிரி ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் கோபித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆட்டோ கிளம்பும்போது சேகர் அந்தத் தாளை அண்ணனிடம் நீட்டி, "ஆளே கெடச்சாச்சு, எனக்கு இது எதுக்கு, நீங்க வெச்சிக்கோங்க" என்றார். அண்ணன் அதை வாங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுருக்கத்தை நீவி நீவி விட்டார். ஆட்டோ திருப்பத்தில் மறைந்தது. பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"ரூம்ல இதுக்கு எடம் இருக்குது சார்."