அமரர் என்று எழுதிய அட்டை

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளில், போரால் இடம்பெயர்ந்து நாங்கள் வன்னியில், புதுக்குடியிருப்பில் இருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. படம் எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் கோபிக்கவில்லை. நம்பினால்தானே கோபிப்பதற்கு. மின்சாரத்தைக் கண்ணால் காணாமலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட காலம். வாடகைக்கு ஒரு ரீவி பிடித்துப் படம் பார்ப்பதே திருவிழா மாதிரி. அதில் ஒருவன் படமே எடுக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

என் துணிச்சலுக்குக் காரணம் ஒரு நண்பன். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட நேரத்தில் வீட்டுச் சாமான்களைப் போட்டுவிட்டு, கமெராவையும் கசெட் ஓட்டும் இரண்டு டெக்குகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தவன். அம்மியைக் கொண்டுவந்திருந்தால் சம்பலாவது அரைத்திருக்கலாம் என்று அவனுடைய அம்மா நாள் முழுக்கத் திட்டுவார். அவன் கமெராவும் என் கதையுமாகச் சேர்ந்து நாற்பது நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்தோம்.

கதை பெரிய கதை இல்லை. கடற்கரை ஊர் ஒன்றில் ஓர் அப்பாவுக்கு மலேரியா. மகன் அவரைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உழக்குகிறான். போய்ச் சேருமுன் அப்பா இறந்துவிடுகிறார். அந்தக் காய்ச்சல் நுழையாத வீடு அப்போது வன்னியில் இல்லை என்பதால், கதையை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

அப்பாவாக நடித்தவர் நாயாற்றுக்கு இப்பால் உள்ள ஒரு சின்னக் கரையில் மீன்பிடித் தொழில் செய்தவர். வேதக்கோயில் பெருநாள்களில் நாட்டுக்கூத்து ஆடுகிறவர், பெரும்பாலும் அரச வேடம். நாங்கள் இடம் பார்க்கப் போனபோது தானாக வந்து, தனக்கு ஒரு பாத்திரம் இல்லையா என்று கேட்டார். அண்ணை, அண்ணை என்று அன்றே ஒட்டிக்கொண்டோம். குரலைக் குறைக்க வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. மலேரியாக் குளிரில் நடுங்கும்போதும் அவர் ஓர் அரசனைப் போலத்தான் முனகினார். அவரை இறந்தவராகக் கிடத்திப் படம் பிடித்த அன்று, நுளம்பு கடித்ததும் சவம் எழுந்து தொடையில் அடித்துக்கொண்டது. கசெட் கிடைக்காத காலத்தில் அந்த ஓர் அடியால் வீணான நாடாவை நினைத்து நாங்கள் தலையில் கைவைக்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

படப்பிடிப்பு முடிந்து, படத்தை வெட்டித் தொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அண்ணை தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறார், இடையில் காற்று மாறிவிட்டது, ஆள் திரும்பவில்லை. கரையில் இருந்தவர்கள் போகக்கூடிய தூரம்வரை போய்த் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, வலையும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. நண்பன் டெக்கை நிறுத்திவிட்டு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் அண்ணை பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. கறுப்பு அட்டை ஒன்றில் அவருடைய சிரித்த படத்தை ஒட்டினோம். பக்கத்தில் மெழுகுதிரி ஒன்றை ஏற்றி வைத்தோம். கீழே வெள்ளை மையால் அமரர் என்று போட்டு, அவருடைய பெயரை எழுதி, இந்தப் படம் அவருக்குச் சமர்ப்பணம் என்று முடித்தோம். எங்கள் ஊர்களில் ஒருவர் போய்விட்டால், அடுத்த நாளே அவருடைய பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிடும். துண்டுப் பிரசுரத்திலும் வரும், மதிலிலும் வரும். அதைப் போடாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு. யோசிக்கவே இல்லை. அட்டையைப் படம் பிடித்து, வயலின் இசை சேர்த்து, படத்தின் தொடக்கத்தில் வைத்தோம்.

பிறகு படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ரீவி, டெக், ஜெனரேற்றர், இவற்றுக்கு மேல் நாங்கள். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை மருந்துப் போத்தலில் வைத்து, குழந்தைக்கு மருந்து பருக்குவது போலப் பருக்குவோம். கேட்க வேண்டியவர்களிடம் அனுமதி கேட்டு, பள்ளிக்கூடக் கொட்டிலிலும் சந்தைக் கொட்டிலிலும் படத்தைப் போட்டோம். முதலில் கூட்டமே இல்லை. சண்டை இருக்கா, பாட்டு இருக்கா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றதும் மரியாதையாகப் போய்விடுவார்கள்.

ஒருநாள் நண்பன் ஒலிபெருக்கியைப் பிடித்து, இந்தப் படத்தில் அப்பாவாக நடித்தவர் உண்மையிலேயே கடலோடு போய்விட்டார், வந்து பாருங்கள் என்று அறிவித்தான். அன்று கொட்டில் நிறைந்தது. அட்டை திரையில் வந்ததுமே சில பெண்கள் அழத் தொடங்கினார்கள். அதன் பிறகு எல்லா இடத்திலும் அதுவே எங்கள் அறிவித்தலாகிவிட்டது. டெக் வைத்திருந்தவர்கள் தாங்களாகவே பிரதி கேட்டார்கள். ஒட்டுசுட்டான், விசுவமடு, மல்லாவி என்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்குக் கசெட் கொடுத்தோம். முதல் படமே வன்னி முழுக்க ஓடுகிறது என்று நான் நிலத்தில் கால் பாவாமல் திரிந்தேன்.

அண்ணையின் ஊருக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம்; அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். கடைசியில் அக்காவே ஆள்மூலம் சொல்லியனுப்பினார். படம் எல்லா இடமும் ஓடுகிறதாம், எங்களுக்குக் காட்ட மாட்டீர்களா என்று. பாவம், அவரை ஒருமுறையாவது பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அந்தக் கரையில் இருட்டிய பிறகு வெளிச்சம் வைக்கக்கூடாது. கடலில் நிற்கும் கடற்படைப் படகுகளுக்குத் தெரிந்தால் ஷெல் வரும். அதனால் பட்டப்பகலில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தின் கதவு யன்னல்களைச் சாக்காலும் பழைய பாயாலும் மூடிப் படம் போட ஏற்பாடு. ஊரே வந்து நெருக்கியடித்து இருந்தது. எங்கள் டெக்கில் பிளே பொத்தானை அமத்தி வைத்துவிட்டால் கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். நண்பன் வெளியே ஜெனரேற்றருடன் நிற்பதால் எப்போதும் அப்படித்தான் செய்வோம். அன்றும் பொத்தானை அமத்திவிட்டு அவனுக்குச் சரி என்றேன். அதற்குள் ஒருவர் எழுந்து, செபம் சொல்லிவிட்டுத் தொடங்குவோம் என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

நோயாளிகளுக்காக மன்றாடினார்கள். மரித்தவர்களுக்காக மன்றாடியபோது சில பெயர்களைச் சொன்னார்கள். அண்ணையின் பெயர் அதில் வரவில்லை. அடுத்து, கடலிலும் பயணத்திலும் இருப்பவர்களுக்காக என்று சொல்லி, முதல் பெயராக அவருடைய பெயரைச் சொன்னார்கள். மண்டபம் முழுவதும் ஒரே குரலில், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது.

நான் அக்காவைத் தேடிப் பார்த்தேன். முன்வரிசையில் அக்கா நின்றிருந்தார். நீல நிறச் சேலை, கழுத்தில் தாலிக்கொடி. அண்ணைக்காக அந்த ஊரில் யாரும் இறந்தவர் பூசை கொடுக்கவில்லை. காற்று இந்தியக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கியிருக்கலாம், பிடிபட்டு எங்கேயாவது மறியலில் அடைபட்டிருக்கலாம் என்று அந்தச் சனம் அவரை உயிரோடு வைத்திருந்தது. நாங்கள் அவரைப் படம்போட்டு, மெழுகுதிரி ஏற்றி, ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம். ஓடிப்போய் நண்பனைத் தடுக்கலாம் என்று திரும்பினேன். செபம் முடிந்த சத்தத்தைக் கேட்டு அவன் கயிற்றை இழுத்துவிட்டான்.

ரீவி வெளித்தது, வயலின் தொடங்கியது. வேறொன்றும் தெரியாமல் ரீவிக்கு முன்னால் போய் நின்றேன். எதையோ சரிபார்ப்பவன் போல இரண்டு கைகளாலும் திரையை மறைத்துக்கொண்டேன். எத்தனையோ ஊரில் கேட்டுப் பெருமைப்பட்ட அந்த இசை அன்று முடியவே மாட்டேன் என்றது. பின்னாலிருந்து யாரும் தள்ளி நில் என்று கத்தவில்லை. அக்காதான் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தம்பி, கொஞ்சம் விலகுங்கோ. நான் அதை வாசிக்க வேணும்."

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் ஒலிபெருக்கிச் செய்தி சந்தைக்குப் போய் வந்தவர்கள் மூலம் அங்கேயும் போயிருக்கிறது. டெக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு விலகினேன். அக்கா குனிந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். அண்ணையின் பெயரை வாசிக்கவில்லை, அதற்கு முன்னால் இருந்த சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்கு ஆர் தம்பி சொன்னது? எங்கையும் ஆள் கரை ஒதுங்கினதோ? மறைக்காமல் சொல்லுங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா படம் பார்க்க எங்களைக் கூப்பிடவில்லை. நாலு ஊர் திரிகிற பெடியள் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள் என்றால், தனக்கு எட்டாத ஏதோ தகவல் எங்களுக்கு எட்டியிருக்கிறது என்று நம்பி, அதைக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து எங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இல்லை அக்கா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நாங்களாத்தான் எழுதினனாங்கள்."

அவருடைய முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. கோபம் இல்லை. நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சு அவிழ்ந்தது. தோள் இரண்டும் தளர்ந்தன. எனக்குப் பின்னால் மண்டபமே மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"அப்ப சரி. படத்தை விடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய் இருந்துகொண்டார்.

படம் ஓடியது. அண்ணை வலையோடு வரும் காட்சியில் பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். காய்ச்சலில் அரசனைப் போல முனகியபோது மண்டபம் சிரித்தது. அக்காவும் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. மகன் அவரைச் சைக்கிளில் ஏற்றிப் புறப்படும் இடம் வந்ததும் அக்கா கையைக் காட்டினார். இவ்வளவும் காணும் தம்பி என்றார். நான் வெளியே சத்தம் வைத்தேன், நண்பன் ஜெனரேற்றரை நிறுத்தினான். எந்த ஊரிலும் கடைசிக் காட்சிக்கு முன்னால் படம் நின்றால் எங்களை உதைக்க வந்திருப்பார்கள். அங்கே ஒருவர்கூட மிச்சம் என்ன என்று கேட்கவில்லை. எழுந்து யன்னல் சாக்குகளைக் கழற்றினார்கள். இரண்டு பேர் ரீவியைத் தூக்கிக்கொண்டுபோய் லான்ட்மாஸ்டரில் வைத்துத் தந்தார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று அக்கா பிடிவாதமாக நிற்க, அவருடைய வீட்டுக் குசினியில் உட்கார்ந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.  அட்டையில் என்ன எழுதட்டும் என்று நான் கேட்டேன். மற்ற நடிகர்களின் பெயரை எப்படிப் போட்டீர்களோ, அப்படியே அவருடைய பெயரையும் போட்டால் போதும் என்றார்.

அடுத்த வாரங்களில் படம் போன வழியெல்லாம் நாங்கள் மறுபடி போனோம், இந்த முறை ஒலிபெருக்கி இல்லாமல். நடித்தவர்கள் என்று தலைப்புப் போட்டு, எல்லாருடைய பெயரோடும் அவருடைய பெயரை எழுதிய புதிய அட்டையை, ஒவ்வொரு கசெட்டிலும் பழைய அட்டைக்கு மேலே பதிந்தோம். விசுவமடுவில் அது சரிவந்தது. மல்லாவியில் கசெட்டை யாரோ கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து வவுனியாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்து அது வெளிநாட்டுக்கும் போயிருக்கலாம். அந்தப் பிரதியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கும். படத்தைப் பரப்புவதற்கு நான் பட்ட பாட்டைவிட திருப்பி எடுப்பதற்குப் பட்ட பாடுதான் பெரிது. முழுதாக முடியவும் இல்லை.

ஒட்டுசுட்டானில், புதிய அட்டை சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கக் கசெட்டைக் கொஞ்சம் ஓடவிட்டோம். கொட்டிலுக்குப் பக்கத்தில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவரும் வந்து எட்டிப் பார்த்தார். முதல் முறை படத்தைப் பார்த்து அழுதவர் என்று கொட்டில்காரர் சொன்னார். பெயர்கள் ஓடி முடிந்து கதை தொடங்கியதும் அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"முந்திப் போட்ட மெழுகுதிரிப் படம் இல்லை. அப்ப அந்த மனுசன் வந்திட்டாரோ, தம்பி?"

நண்பன் என்னைப் பார்த்தான். ஓம் என்று சொல்லி அந்த மலர்ச்சியை வைத்திருக்க ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பழைய அட்டையைத் திரும்பவும் எழுதியதாகிவிடும். 

"இன்னும் வரேல்லை, அம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது, அந்தக் கரையும் பலமுறை காலியாகி நிரம்பியது, ஆனால் அண்ணையைப் பற்றி யார் கேட்டாலும் இந்த ஒரு பதிலைத் தவிர வேறெதையும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன்.