காப்பிக் கொப்பும் கணவாய்ப் பிள்ளையாரும்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. யாராவது தேடினீர்களா? ஆசிரியரிடம் கேட்டேன். "ஒருத்தரும் கேக்கல. அந்த எடத்துல வெளக்கெண்ணெய் விளம்பரம் போட்டோம். நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்னாங்க" என்றார்.

வாழ்க என் வாசகர்கள்!

நான் சும்மா இருக்கவில்லை. மச்சினன் கலியாணத்துக்கு மலை ஏறப் போயிருந்தேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி முத்தையா. கண்டியில் ஒரு காப்பி ஸ்டோரில் வேலை. பெண்ணோ தெல்தெனியவுக்கும் அப்பால், மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணியின் மகள். "அந்தா தெரியுதே, அந்த மலைதான்" என்று பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் கை நீட்டிக் காட்டினார்கள். கை நீட்டுவதற்கு மிகவும் பக்கம்தான்!

முத்தையா அந்தப் பெண்ணைக் கண்டிக் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தான். அன்றிலிருந்து ஸ்டோரில் ஒரு மூட்டைக் காப்பியை இன்னொரு மூட்டையில் கொட்டிக்கொண்டிருக்கிறானாம். பையன் அவ்வளவு பிரியமாக இருக்கிறான். ஆனால் பெண்ணின் அப்பா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து சேரலன்னா வருத்தமில்ல. எந் தங்கச்சி மகன் இங்கனதான் இருக்கான்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்...

காப்பி வந்து இறங்கும் காலம் என்று ஸ்டோரில் லீவு கொடுக்கவில்லை. என் மனைவியும் உறவுக்காரர்களும் முன்னாலேயே போய்விட்டார்கள். கடைசி நேரத்தில் மாப்பிள்ளையை ஓட்டிக்கொண்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புறப்படும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்று: "கணவாய்ல பிள்ளையாருக்குக் கொப்பு போடாமத் தாண்டிறாதீங்க. தம்பி நல்லபடியா வந்து சேரணும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைப் பாதையில் போகிறவர்கள் முகட்டில் இருக்கும் பிள்ளையாருக்குப் பச்சையாக ஒரு கொப்பை, அதாவது சின்னக் கிளையை, ஒடித்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்குவார்கள். தேங்காய் வேண்டாம், கற்பூரம் வேண்டாம். இவ்வளவு சிக்கனமான சாமி கண்டி டவுனில் கிடையாது.

தெல்தெனிய வரைக்கும் மாட்டு வண்டி. அதற்கு மேல் இருப்பதையும் ரோடு என்றுதான் சர்க்கார் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். முஸ்லிம் வியாபாரி அலவத்துகொடைக் காதர் நானா, உப்பும் கருவாடும் ஏற்றிய பொதி மாடுகளோடு மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்துகொண்டோம்.

ஏறினோம். ஏறினோம். இன்னும் ஏறினோம். குளிர் பல்லைத் தட்டியது. பனி மூட்டத்தில் முன்னால் போகிற மாடு தெரியவில்லை, கருவாட்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். காலில் அட்டைகள் விருந்துக்கு உட்கார்ந்துவிட்டன. முத்தையா தாலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மச்சான், இன்னும் தூரமா?" என்பதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஓரிடத்தில் நானா எல்லாரையும் நிறுத்தினார். ஒவ்வொரு மாட்டுக்கும் வாய்க்கூடு கட்டினார்.

"எதுக்கு நானா?"

"இனி காப்பித் தோட்டம் தம்பி. எங்கட மாடு ஒரு எலயக் கடிச்சிச்சிண்டாலும் காவக்காரன் கொம்பு ஊதிருவான். மாட்டுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்."

நியாயம்தானே! ஒரு காலத்தில் அங்கே யானை படுத்துறங்கும் காடு இருந்ததாம். வெள்ளைக்காரத் துரை வந்து முகடு வரைக்கும் வழித்து மொட்டை போட்டு, காப்பியை நட்டுவிட்டார். பிள்ளையார் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாமல், வெறும் கல்லாக, காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்தார். மேலே காய்ந்த காட்டுக் கொப்புகள் கிடந்தன.

நானா பிள்ளையாரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாடுகளோடு காத்திருந்தார். நான் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "டேய், பச்சையா ஏதாவது ஒரு கொப்பு ஒடிச்சுப் போடு, போகலாம்" என்றேன்.

பையன் போட்டான். கலியாண விஷயமாயிற்றே, சின்னதாகப் போட்டால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டாரா? கொத்துக் கொத்தாகச் சிவந்த பழத்தோடு, கை நீளத்துக்கு ஒரு காப்பிக் கொப்பை மடாரென்று ஒடித்தான்.

மாட்டுக்கெல்லாம் வாய்க்கூடு போட்டோம். மாப்பிள்ளைக்குப் போட மறந்துவிட்டோம்.

கொம்பு ஊதியது. பனிக்குள்ளிருந்து காவல்காரர் வேலு வந்து முத்தையாவின் கையைப் பிடித்தார். நம் ஆள்தான், ஆனால் முகத்தில் துரையின் களை.

"அண்ணே, சாமிக்குத்தாண்ணே!" என்று முத்தையா அலறினான்.

"சாமிக்குப் போடுற கொப்பைக் கீழக் காட்டுலருந்தே ஒடிச்சிக்கிட்டு வரணும்யா. இந்த மலைக்கே தெரியும். கண்டியில இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

கெஞ்சினேன், முகூர்த்தத்தைச் சொன்னேன், தங்கச்சி மகனைச் சொன்னேன். வேலு அசையவில்லை. "என்னா செடி தெரியுமாங்க இது? கீழ தோட்டமெல்லாம் எலயில மஞ்சத் தூளு நோய் வந்து கெடக்கு. எங்க தோட்டத்துல ஒரு எலயில கெடையாது. இந்த ஒசரத்துக்கு அந்த நோய் ஏறாதுன்னு தொரயே சொல்லியிருக்காரு!"

அந்தத் துரையே குதிரையில் வந்து இறங்கினார். நான் முன்னே போனேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. மாப்பிள்ளை, முகூர்த்தம், பிள்ளையார் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். துரை கவனமாகக் கேட்டார். முத்தையா இந்தக் கல்லைக் கலியாணம் செய்யப் போகிறான் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பார்வை அப்படித்தான் இருந்தது.

காப்பித் திருட்டு. கண்டிக்குக் கொண்டு போ, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் தீர்ப்பு.

கண்டிக்கா! ஏறி வந்த அத்தனை மலையையும் திரும்ப இறங்கவா? முத்தையா தாலிப் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவ என்னயத்தான் பாத்துக்கிட்டு இருப்பா மச்சான்" என்று அழுதான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம்தான் அதற்குப் பாதிக் காரணம்.

துரை சாட்சிக் கொப்பைக் கையில் வாங்கினார். எத்தனை பழம் போயிற்று என்று பார்ப்பதற்காகத் திருப்பினார். அப்படியே நின்றார்.

இலையின் அடியில் மஞ்சளாக, செம்மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்தார். விரலில் ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த இலையைத் திருப்பினார். அதிலும் இருந்தது.

பக்கத்துச் செடியில் ஒரு கொப்பை ஒடித்தார். பார்த்தார், எறிந்தார். அடுத்த செடி. அதற்கடுத்த செடி... முத்தையா ஒடித்தது ஒரே ஒரு கொப்பு. துரை ஒடித்ததற்குக் கணக்கே இல்லை. வேலு கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

துரை திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்தார். யார் இவர்கள் என்பது போலப் பார்த்தார். போங்கள் என்று கையை மட்டும் அசைத்தார். ஒரு துரையைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது அதுதான் முதல் தடவை. அப்படி இருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

வேலு எங்களை நானா காத்திருந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மிடுக்கெல்லாம் போய்விட்டது. "செடி போனா தொர கப்பல் ஏறிருவாருங்க. நாங்க எங்கிட்டுப் போறது?" என்றார்.

உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா?

மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி மகன் பட்டு வேட்டி கட்டி, தலை சீவி, சந்தனம் பூசித் தயாராக இருந்தான். எங்களைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். பெண் சிரித்தாள். முத்தையா மறுபடியும் அழுதான். தாலி ஏறியது. மாப்பிள்ளை உடம்பில் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று என் மனைவி என்னைத்தான் திட்டினாள்.

மறுவீட்டுச் சாப்பாடெல்லாம் முடிந்து நான் திரும்பும்போது, கீழேயே காட்டில் ஒரு கொப்பை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்காக ஏறி வந்தேன். பட்டால்தானே புத்தி!

பிள்ளையார் மேல் எனக்கு முன்னாலேயே ஒரு கொப்பு கிடந்தது. வாடவில்லை, அன்று காலையில்தான் ஒடித்தது. பார்த்தால்... காப்பிக் கொப்பு! காற்றில் விழாமல் கல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது கயிறு இல்லை, சப்பாத்து லேஸ், அதுதான் பூட்ஸ் கட்டும் நாடா.

அந்த மலையில் சப்பாத்து போடுகிற ஆள் ஒரே ஒருவர்தான்.

வேலு பக்கத்தில் நின்றுகொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

"என்ன வேலு, காப்பிக் கொப்பை ஒடிச்சிருக்காங்க. கொம்பு ஊதலயா?"

"எப்புடிங்க ஊதுறது? அவரு கும்புட்டு முடிக்கிற வரைக்கும் குதிரையப் புடிச்சிக்கிட்டு நின்னதே நாந்தான்."